குதிரைக்குச் சூலை: அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்திருந்தால் பிழைத்திருக்குமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தோட்டம். அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் வாங்கிய பெண்குதிரை ஒன்றைப் பல வருடங்களாக வளர்த்துவந்தோம். ரேக்ளாவுக்கும் போவாள், வீட்டுக் குழந்தைகளோடும் பழகுவாள். சென்ற மாதம் ஒரு நாள் மாலை தீவனத்தைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தாள். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் பசும்புல்லை நிறுத்திவிட்டுச் சோளத்தட்டுக்கு மாற்றியிருந்தோம். அப்பா பெருங்காயம் கலந்த விளக்கெண்ணெயை மூங்கில் குழாயில் புகட்டினார். இரவு 9 மணிக்கு வந்த கால்நடை மருத்துவர் ஊசி போட்டதும் வலி அடங்கியது. நள்ளிரவில் மறுபடி புரளத் தொடங்கினாள். மருத்துவர் திரும்பவும் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டபோது பச்சையாக நிறைய நீர் வெளியே வந்தது. சிறுகுடல் அடைபட்டதுபோல் தெரிகிறது, அறுவை சிகிச்சைதான் வழி, சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். வயிற்றைக் கிழித்த குதிரை பிழைக்காது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். பேசிக்கொண்டே இருந்தோம். 4 மணிக்கு அவள் திடீரென்று அமைதியானாள். தப்பித்துவிட்டாள் என்று நினைத்தோம். விடிவதற்குள் இறந்துவிட்டாள். சம்மதித்திருந்தால் பிழைத்திருப்பாளா? ஊசியால்தான் நோய் முற்றியதா? அவள் ஈன்ற குட்டி இப்போது நான்கு வயதாகி எங்களிடம் இருக்கிறது. தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை உறிஞ்சுகிறது. அதற்கும் இப்படி வருமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் இன்னொருவருடைய பெயரும் அடங்கியிருக்கிறது. ஊசியால் நோய் முற்றவில்லை. அன்றிரவு உங்கள் மருத்துவர் செய்தவை முறையானவை. சூலை, அதாவது வயிற்றுவலி, கண்ட குதிரைகளில் பத்தில் ஒன்பது, வலி நிவாரணியும் நீரும் கவனிப்பும் கிடைத்தால் கத்தி படாமலே தேறிவிடும். அதனால் முதல் முறை ஊசி போட்டுப் பார்த்தது சரி. அது என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. ஃப்ளூனிக்சின் என்ற வலி நிவாரணி என்றால் அதன் வேலை பல மணி நேரம் நிற்கும். அதையும் மீறி மூன்று மணி நேரத்தில் வலி திரும்பினால் அதுவே பெரிய எச்சரிக்கை. அவர் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார். இன்னொரு ஊசியைப் போட்டுவிட்டுப் போகாமல் குழாய் விட்டுப் பார்த்தார், உங்களிடம் உண்மையைச் சொன்னார், வழியையும் சொன்னார். நள்ளிரவில் ஒரு தோட்டத்தில் டார்ச் வெளிச்சத்தில் இதைச் செய்யும் மருத்துவர்கள் அதிகம் பேர் இல்லை. அவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

குழாயில் வந்த அந்தப் பச்சை நீர் என்னவென்று தெரிந்தால் மற்றவை எல்லாம் விளங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கம். அது சேரும் கோணமும் சாய்வு. உடம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரைப்பை கொள்வது 8 முதல் 15 லிட்டர்தான். அதற்குக் கீழே ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல். அதில் எங்காவது அடைப்போ முறுக்கோ விழுந்தால், உமிழ்நீர், இரைப்பை நீர், கணைய நீர் எல்லாம் சுரந்துகொண்டே இருக்கும்; கீழே போக வழியில்லாமல் பின்னோக்கித் தேங்கி இரைப்பையை நிரப்பும். மனிதனாக இருந்தால் வாந்தி எடுத்து ஆறுதல் அடைவான். குதிரைக்கு மூக்கு வழியாக விடும் குழாய் ஒன்றுதான் வடிகால். அந்தக் குழாயில் 2 லிட்டருக்கு மேல் நீர் திரும்பி வந்தாலே இயல்பல்ல என்று கொள்கிறோம். நீங்கள் 'நிறைய' என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுகுடல் என்று உங்கள் மருத்துவர் சந்தேகித்தது அதை வைத்துத்தான்.

இனி அந்த 4 மணி. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிரம்பி விம்மிய இரைப்பையோ அழுகத் தொடங்கிய குடலோ கிழியும்போது, இழுவிசையால் வந்த வலி சட்டென்று நின்றுவிடும். குதிரை புரள்வதை நிறுத்தும். தலையைத் தொங்கப்போட்டு அசையாமல் நிற்கும் அல்லது படுத்துக்கொள்ளும். உடம்பில் குளிர்ந்த வியர்வை இருக்கும், ஈறுகள் செங்கல் நிறத்திலோ நீலம் பாரித்தோ இருக்கும், இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு நிம்மதியாகத் தெரியும் அந்த நேரத்தில் வயிற்றுக்குள் எல்லாம் கொட்டிப்போயிருக்கும். அதற்குப் பிறகு எந்த அறுவை சிகிச்சையாலும் பயன் இல்லை. உங்கள் குதிரைக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். பிரேதப் பரிசோதனை செய்திருந்தால் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று துல்லியமாகச் சொல்லியிருக்கலாம். நம் ஊரில் குதிரை இறந்தால் மாலை போட்டுப் புதைத்துவிடுகிறோம்; அந்த மரியாதை நல்லது. புதைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மருத்துவருக்குக் கொடுத்தால், அதே லாயத்தில் நிற்கும் அடுத்த குதிரைக்கு அது உதவும்.

சம்மதித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்ற கேள்விக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை நல்ல சிகிச்சை. ஆனால் அன்றிரவு, அந்த இடத்திலிருந்து, அது அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றைக் கிழித்த குதிரை பிழைக்காது என்று உங்கள் பெரியவர்கள் சொன்னது அவர்கள் காலத்து அனுபவம். 1960களுக்கு முன் உலகில் எங்குமே அது அநேகமாக உண்மை. குதிரையைப் பாதுகாப்பாக மயக்கத்தில் வைத்திருக்கும் முறைகளும், குடல் நச்சு இரத்தத்தில் கலந்து ஏற்படுத்தும் அதிர்ச்சியைச் சமாளிக்கும் முறைகளும் அதற்குப் பிறகுதான் படிப்படியாக வந்தன. இப்போது நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில், மயக்கம் தெளிந்து எழுந்து நிற்கும் சூலைக் குதிரைகளில் பெரும்பாலானவை வீடு திரும்புகின்றன. பந்தயத்துக்கே திரும்பிய குதிரைகளும் ஏராளம்.

அறுவை அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயம் கொஞ்சம் குறையலாம். மயக்கிய குதிரையின் கால்களில் பட்டை கட்டிப் பளுதூக்கியால் தூக்கி, மெத்தையிட்ட மேசையில் மல்லாக்கக் கிடத்துவார்கள். அடிவயிற்றின் நடுக்கோட்டில், இரு பக்கத் தசைகளும் சேரும் வெள்ளைத் தசைநார்ப் பட்டை இருக்கிறது. அங்கே வெட்டினால் தசை அறுபடாது, இரத்தப்போக்கும் மிகக் குறைவு. அதன் வழியாக அறுவை மருத்துவர் தோள்வரை கையை விட்டுத் துழாவுவார். பெருங்குடலில்தான் சிக்கல் என்றால், அதை மொத்தமாக வெளியே எடுத்துத் தட்டில் கிடத்தி, வளைவில் சிறு கீறல் போட்டு, உள்ளே இறுகிக்கிடக்கும் தீவனத்தைத் தண்ணீர்க்குழாயால் கழுவி வெளியேற்றுவார். வாளி வாளியாக வரும். சிறுகுடல் என்றால், கடைக்கோடியில் தொடங்கி மேல்நோக்கி ஒரு சாண் விடாமல் விரல்களுக்கிடையே நகர்த்திப் பார்த்து, முறுக்கிய இடத்தைக் கண்டுபிடித்து அவிழ்ப்பார். அவிழ்த்த பிறகு எல்லோரும் காத்திருப்பார்கள். கருநீலமாக இருந்த குடல் மெல்ல மெல்லச் சிவந்து, இளஞ்சிவப்பாகி, விரலால் சுண்டினால் ஓர் அலைபோல நெளிந்தால் அதை விட்டுவிடலாம். நிறம் திரும்பவில்லை என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து நல்ல முனைகளை இணைக்க வேண்டும். சிறுகுடலில் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தால், மேசையிலேயே உரிமையாளரைக் கேட்டு, மயக்கம் தெளியாமலே உயிரை விடச்செய்வதுதான் முறை.

வெட்டுவதைவிட மயக்கம் தரும் அபாயம்தான் குதிரைக்குப் பெரியது. இவ்வளவு எடையுள்ள விலங்கு மல்லாந்து கிடக்கும்போது குடலின் பாரம் நுரையீரலை அழுத்தும். தசைகளுக்கு இரத்தம் குறையும். தெளியும்போது மருண்டு எழுந்து காலை முறித்துக்கொள்ளவும் கூடும். அதனால்தான் சுவரெல்லாம் மெத்தை போர்த்திய அறையில், தலையிலும் வாலிலும் கயிறு கட்டி எழுப்புகிறார்கள். 2002-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 41,824 குதிரைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். மயக்கம் கொடுத்த ஒரு வாரத்துக்குள் இறந்தவை 1.9 சதவீதம். சூலை அறுவைகளைக் கழித்துவிட்டால் 0.9 சதவீதம். அப்படியானால் சூலைக் குதிரைக்கு ஆபத்து அதைவிடப் பல மடங்கு அதிகம். மனித மருத்துவத்தோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் பயமுறுத்தும். ஆனால் முறுக்கிய குடலோடு லாயத்தில் விடப்பட்ட குதிரைக்கு மரணம் அநேகமாக நூற்றுக்கு நூறு. அந்தப் பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நேரம். முறுக்கிய குடல், பிழிந்துவைத்த ஈரத்துணி போலத்தான்: அதற்குள் இரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் உட்சுவர் உரியத் தொடங்கும், குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களின் நச்சு இரத்தத்தில் கசியும். அமெரிக்காவின் கெண்டக்கியில், பெருங்குடல் முறுக்கிக்கொண்ட தாய்க்குதிரைகளைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. வலி தொடங்கி 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தவற்றோடு ஒப்பிட்டால், 4 மணி நேரத்துக்குப் பிறகு வந்தவை இறக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. கெண்டக்கியில் குதிரைப் பண்ணையிலிருந்து அறுவைக்கூடம் சில மைல் தூரம்தான். பொள்ளாச்சியிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். மாலையிலேயே வலி தொடங்கிவிட்டது. நள்ளிரவில் வண்டி தேடி, ஏற்றி, ஓட்டினால் போய்ச் சேர மறுநாள் மதியம் ஆகியிருக்கும். குழாயில் நீர் திரும்பிவந்த, வலி அடங்காத ஒரு குதிரை அவ்வளவு நேரம் வண்டியில் நின்று தாங்கியிருக்காது. வழியில் எங்காவது, உங்கள் கண்முன்னே, இன்னும் கொடுமையாகப் போயிருக்கும்.

ஆகவே அன்றிரவு என்னிடம் கேட்டிருந்தால், வண்டியில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கருணைக்கொலை செய்யச் சொல்லியிருப்பேன். நம்மிடையே இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. கைவளர்த்த உயிரை எப்படிக் கொல்வது என்பார்கள். குடல் அழுகும் வலி என்ன என்பதை அருகில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருந்து கொடுத்து அமைதியாக முடித்துவைப்பதும் வளர்த்தவனின் கடமைதான். உங்கள் குடும்பம் சம்மதிக்காததால் அவள் சாகவில்லை. அந்த நான்கு மணி நேரம் அவள் பட்ட வேதனையைக் குறைத்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பாரத்தையும் முழுவதுமாக உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நள்ளிரவில், அலறலுக்கு நடுவே, பத்துப் பேர் கூடிநின்று எடுக்க வேண்டிய முடிவு அல்ல இது. குதிரை நன்றாக இருக்கும் ஒரு நாளில், வீட்டார் உட்கார்ந்து பேசி, முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியது. நான் சொல்ல நினைப்பது இதைத்தான். பிரிட்டனில் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியும் சேர்ந்து குதிரை வளர்ப்போருக்காக நடத்தும் சூலை விழிப்புணர்வு இயக்கத்திலும் இதற்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறார்கள். குதிரை வளர்க்கும் ஒவ்வொருவரும் தன் முடிவை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும் என்கிறார்கள்.

உங்களிடம் இப்போது ஓர் இளம் குதிரை இருக்கிறது. அதற்காக இந்த வாரமே இதைச் செய்யுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாங்கள் தயாரா, எவ்வளவு வரை செலவழிக்க முடியும், நான் ஊரில் இல்லாவிட்டால் முடிவு சொல்ல யாருக்கு அதிகாரம், அறுவை முடியாது என்றால் கருணைக்கொலைக்குச் சம்மதமா என்று உங்கள் அப்பாவோடும் வீட்டில் உள்ளவர்களோடும் பேசுங்கள். குதிரையை ஏற்றக்கூடிய வண்டி இரவில் யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். 1903-இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒரு பகல் நேரத்தில் தொலைபேசியில் பேசி, குதிரை வயிற்று அறுவைக்கு எப்போது, எப்படிக் கொண்டுவர வேண்டும், முன்கூட்டி யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் மருத்துவர் வரமுடியாத நேரத்தில் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

எல்லாச் சூலையும் உங்கள் குதிரைக்கு வந்ததுபோல் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதில்லை. பெருங்குடல் இடம் மாறிக்கொள்வது, தீவனம் இறுகி அடைத்துக்கொள்வது போன்றவற்றில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். அப்படிப்பட்ட குதிரைக்கு நீண்ட பயணம் சாத்தியம்தான், சீக்கிரம் கிளம்பினால். அறுவை தேவை என்று நிச்சயமான பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் நேரம் போய்விடும். தேவைப்படலாம் என்ற சந்தேகம் வந்தவுடனே கிளம்பிவிடுங்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய், ஸ்கேன் செய்து, வயிற்றுநீர் எடுத்துப் பார்த்து, அறுவை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

அந்தச் சந்தேகம் எப்போது வர வேண்டும்? இதயத் துடிப்பை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இடது முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குச் சற்றுப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்கும். தாடை எலும்பின் உட்புறத்தில் குறுக்கே ஓடும் இரத்தக்குழாயை விரலால் தொட்டும் எண்ணலாம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஊசி போட்ட பிறகும் 80 என்றால் நிலைமை மோசம். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். கடைசியாக எப்போது இலத்தி போட்டது, எவ்வளவு, எப்படி இருந்தது என்று பாருங்கள். குதிரை நலமாக இருக்கும் நாட்களிலேயே இதையெல்லாம் பழகுங்கள். நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ரொம்ப நேரமாகத் துடிக்கிறது டாக்டர்' என்று தொலைபேசியில் கேட்பதைவிட '7 மணிக்கு 48, 8 மணிக்கு 64' என்று கேட்டால் எந்த மருத்துவரும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவார்.

எண்ணெய் பற்றி உங்கள் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டும் வழக்கத்தில்தான் அவர் அதைச் செய்திருக்கிறார், அன்பினால் செய்திருக்கிறார். குதிரைக்கு அது ஆகாது. தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினால் ஒரு பகுதி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதனால் வரும் நிமோனியாவுக்கு மருந்து பலிப்பது அரிது. இரைப்பை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மேலும் ஊற்றுவது அதைக் கிழியும் நிலைக்குத் தள்ளும். மருத்துவர் குழாய் விட்டு, உள்ளே நீர் தேங்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, அதே குழாய் வழியாக நீரும் எப்சம் உப்பும் கொடுப்பது வேறு விஷயம். பெருங்குடல் அடைப்புக்கு அது மிக நல்ல வைத்தியம். சூலை வந்ததும் தீவனத்தை எடுத்துவிடுங்கள். மெதுவாகக் கொஞ்ச நேரம் நடத்திப் பாருங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்க விடுங்கள். புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து இரவெல்லாம் நடத்திக் களைக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் களைப்பு அறுவை மேசையில் எதிரியாகிவிடும்.

இனி அவள் ஈன்ற அந்த நான்கு வயதுக் குதிரை. பல்லால் கவ்விக் காற்றை உறிஞ்சும் பழக்கத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வகைச் சூலைக்கும் தொடர்பு இருப்பதை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கல்லீரலுக்கு அருகே எல்லாக் குதிரைகளுக்கும் இயற்கையாகவே ஒரு சிறு இடுக்கு உண்டு. அதற்குள் சிறுகுடல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் நோய், இந்தப் பழக்கம் உள்ள குதிரைகளுக்கு அதிகமாக வருகிறது. ஆனால் காற்று உறிஞ்சும் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் இந்த நோயைக் காண்பதில்லை. எனவே தினமும் பயந்துகொண்டிருக்க வேண்டாம். இந்தக் குதிரைக்குச் சூலை வந்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இறுக்கமாகப் பட்டை கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அது செய்கையை அடக்கும். காரணம் அப்படியே இருக்கும். இது பெரும்பாலும் தனிமையாலும், வெகுநேரம் வாய்க்கு வேலையில்லாமல் கட்டிப்போடுவதாலும், தானியம், தவிடு போன்ற அடர்தீவனம் மிகுந்து, புல், தட்டு போன்ற நார்த்தீவனம் குறைவதாலும் வருவது. தாய் போன பிறகு அது தனியாக நிற்கிறதென்றால், ஓர் ஆட்டையாவது கழுதையையாவது துணைக்குக் கட்டுங்கள். பகலில் அவிழ்த்துவிடுங்கள். இரைப்பைப் புண் இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தீவன மாற்றத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது அங்கேதான். டெக்சாஸில் நடந்த ஆய்வுகளில், சூலைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் தீவனம், குறிப்பாக உலர்புல், மாற்றப்பட்டிருப்பது முக்கியமான ஆபத்துக் காரணமாகத் தெரியவந்தது. நாட்டிங்காமில் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, மேய்ச்சலில் இருந்த குதிரையை லாயத்தில் கட்டி உலர்தீவனத்துக்கு மாற்றிய முதல் நாட்களில் பெருங்குடலின் அசைவே குறைந்துபோவதைக் கண்டார்கள். பசும்புல்லிலிருந்து சோளத்தட்டுக்குப் போவதானால் பத்துப் பதினான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு, பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி மாற்றுங்கள். தட்டு முற்றிக் கட்டையாகிப் போனதாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நம் அருகம்புல் இனத்தைச் சேர்ந்த ஒரு புல்லை உலர்த்திப் போடுகிறார்கள். அங்கே சிறுகுடலின் கடைப்பகுதி அடைத்துக்கொள்ளும் நோய் அதிகம். புல்லில் குற்றமில்லை, மெல்லிய நார் மிகுந்து உலர்ந்த நிலைதான் சிக்கல். உலர்தீவனத்துக்கு மாறும்போது தண்ணீர் எந்த நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் கொதித்தால் குதிரை குடிக்காது; நிழலில் வையுங்கள்.

ரேக்ளாவுக்கு முன் கொள்ளையும் தவிட்டையும் திடீரென்று கூட்டுவது நம் பக்கத்தில் வழக்கம். வர்ஜீனியா, மேரிலாந்து பண்ணைகளில் 1990களில் நடந்த ஆய்வில், நாளுக்கு 2.5 கிலோவுக்கு மேல் அடர்தீவனம் தின்ற குதிரைகளுக்குச் சூலை ஆபத்து, அது கொடுக்கப்படாதவற்றைவிடப் பல மடங்கு இருந்தது. நம் குதிரைகள் அங்குள்ளவற்றைவிடச் சிறியவை என்பதையும் கணக்கில் வையுங்கள். கொள்ளு நல்ல தீவனம்தான். ஊறவைத்து வேகவைத்து, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுங்கள். குதிரைமசாலையும் முழுத் தீவனமாக்க வேண்டாம், மற்றப் புல்லோடு கலந்து போடுங்கள்; கலிபோர்னியாவில் அதையே பெரும்பங்காகத் தின்ற குதிரைகளின் பெருங்குடலில் கற்கள் உருவாகி அறுவை செய்து எடுக்க நேர்கிறது.

கடைசியாகப் புழு. 1998-இல் லிவர்பூலிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று, அவர்கள் பார்த்த குதிரைகளில் குடல் தசை இறுகிப் பிடிப்பதால் வரும் சூலையில் 22 சதவீதமும், சிறுகுடல் கடைப்பகுதி அடைப்பில் 81 சதவீதமும் நாடாப்புழுவோடு தொடர்புடையவை என்று கணித்தது. வழக்கமாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் நாடாப்புழுவைக் கொல்லாது. அதற்குப் பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்து வேண்டும். இலத்திப் பரிசோதனையில் நாடாப்புழு முட்டை பல சமயம் தப்பிவிடும் என்பதால், முட்டை இல்லை என்று வந்தாலும் மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். மற்றப் புழுக்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றாமல், முட்டை எண்ணிக்கை பார்த்துக் கொடுப்பதுதான் இன்றைய முறை. இல்லாவிட்டால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். நாளைக் காலை புதிதாக விழுந்த இலத்தியில் ஒரு கைப்பிடி எடுத்து, காற்றுப் புகாத பையில் போட்டு, குளிர்ச்சி குறையாமல் அருகில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்ததும், குதிரையின் எடை, இப்போது தினமும் போடும் தீவனம், அதன் அளவு ஆகியவற்றையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். மருந்தின் அளவையும் புதிய தீவன அட்டவணையையும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்வோம்.